ஆறு பத்து அறுபது

அன்றைக்குக் கானாற்றங்கரையில் பெரிய சார் எங்களை எண்ணவில்லை.

எண்ணியதாக எழுதிக் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரியிடமும் அப்படித்தான் சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அங்கே இருந்தேன். முதல் வரிசையில் இரண்டாவது ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் நிற்க வேண்டிய பெண் நிற்கவில்லை. அவர் குடையோடு நாலு எட்டு நடந்து வந்து பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். வரவில்லை. அந்தப் பெண் வீடு திரும்பவில்லை.

இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஜவ்வாது மலையில் அந்த விடுதிப் பள்ளியில் என்னோடு ஒரே பாயில் படுத்தவர்கள், ஒரே சட்டியில் கேவுருக் களி தின்றவர்கள் நீங்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் குழு வைத்துக் காலையில் பூப்படம் போடுகிறீர்கள். போன வாரம் அதில் ஒரு அழைப்பிதழ் வந்தது. பழைய மாணவர் விழாவாம். பெரிய சாருக்குப் பாராட்டாம். ‘புளியங்கொட்டையைக் கொண்டு விளையாட்டாகவே பெருக்கல் கற்பித்த முன்னோடி’ என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

அந்த வரியை நான் ஆறு தடவை படித்தேன். ஒரு தடவைகூட உங்களில் யாருக்கும் நாக்கு கூசவில்லையா?

எனக்கு நயமாக எழுத வராது. பத்தாவதோடு நின்றவள். கண்ணமங்கலத்தில் ஒரு புளி மண்டியில் மூட்டை எண்ணுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெரிய சார் என்றால் தலைமை ஆசிரியர். படவேட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் பெருக்கல் சொல்லிக் கொடுத்த விதம் உங்கள் முழங்காலுக்குத் தெரியும். வாய்ப்பாட்டைக் கத்த வேண்டும். எங்கே தடுமாறுகிறோமோ அங்கே நிறுத்தி, சரளைக் கல்லில் முட்டி போட வைப்பார். நாங்கள் கத்தினோம். ஏழெட்டு அம்பத்தாறு என்று மழை கொட்டுவது போலக் கொட்டினோம். ஏழெட்டு என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. எங்களில் ஆகக் குட்டையான பெண் ஒருத்தி பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் சொல்லுவாள். ‘எட்டுக் கூடையில் ஏழேழு சீத்தாப்பழம் இருந்தால் மொத்தம் எத்தனை’ என்று கேட்டால் முழிப்பாள். ‘கூடை யார் வூட்டுது சார்?’ என்று ஒருமுறை கேட்டு உதை வாங்கினாள்.

அவள்தான் வீடு திரும்பாதவள். அவள் பெயரை எழுத மாட்டேன். அவள் அம்மா இன்னும் மலையில் உயிரோடு இருக்கிறாள்.

அந்த வருஷம் ஆனி மாசம் டீச்சர் வந்தார். கண்ணமங்கலத்துக்காரர். வயது இருபத்திரண்டு இருபத்து மூன்றுதான் இருக்கும். ஒரு தகரப் பெட்டி, ஒரு துணிப்பை. துணிப்பை நிறையக் காலித் தீப்பெட்டிகள். பார்த்ததும் நம் பையன் ஒருவன் சொன்னான்: ‘டேய், டீச்சரு பீடி குடிப்பாங்க போல கீது.’ அது அவர் காதில் விழுந்துவிட்டது. ‘நான் குடிக்கலடா. எங்க ஊர் டீக்கடையில குடிக்கிறாங்க. பொட்டிய நான் பொறுக்கிகினு வந்தேன்’ என்றார். அதற்கு முன்னால் எந்த வாத்தியாரும் எங்களுக்குப் பதில் சொன்னதில்லை. அடித்திருக்கிறார்கள்.

புளியங்கொட்டைக்கு மலையில் பஞ்சமா? ஒவ்வொரு வீட்டிலும் மாசி பங்குனியில் உடைத்த புளியின் கொட்டை மூலையில் குவிந்து கிடக்கும். கொண்டுவரச் சொன்னார். பள்ளி முற்றத்தில் சுண்ணாம்பால் மூன்று கட்டம் போட்டார். வலது ஓரத்தில் ஒத்தை வீடு. அதற்கு இந்தப் பக்கம் பொட்டி வீடு. கடைசியில் டின் வீடு. ஒத்தை வீட்டில் ஒன்பது கொட்டைக்கு மேல் தங்கக் கூடாது. பத்தாவது வந்தால் பத்தும் சேர்ந்து ஒரு தீப்பெட்டிக்குள் புகுந்து பக்கத்து வீட்டுக்குக் குடி போக வேண்டும். பத்துப் பெட்டி சேர்ந்தால் ஒரு பழைய பால்மாவு டின்னுக்குள் போக வேண்டும்.

பதிமூன்றை ஆறால் பெருக்கு என்றால் ஆறு பேர் போவோம். ஆளுக்கு ஒரு பெட்டி, மூன்று கொட்டை. கொண்டுபோய் அந்தந்த வீட்டில் வைப்போம். ஆறு பெட்டி, பதினெட்டுக் கொட்டை. பதினெட்டில் பத்து ஒரு பெட்டிக்குள் போகும். ஏழு பெட்டி, எட்டுக் கொட்டை. எழுபத்தெட்டு. யாரும் முட்டி போடவில்லை, யாரும் கத்தவில்லை. பெருக்கல் என்பது கண் முன்னால் மண்ணில் கிடந்தது. குட்டைப் பெண் அதை வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, ‘இவ்ளோதானாடி?’ என்று என்னிடம் கேட்டாள். அவள் குரலில் கோபம் இருந்தது. மூன்று வருஷம் ஏமாற்றியிருக்கிறார்கள் என்ற கோபம்.

ஒரு நாள் பன்னிரண்டை ஐந்தால் பெருக்கினோம். ஆறு பெட்டி வந்தது. ஒத்தை வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் சிலேட்டில் ஆறு என்று மட்டும் எழுதினேன். டீச்சர் குச்சியால் அந்த வெறும் கட்டத்தைத் தட்டினார். ‘காலியா கீறதையும் எழுதணும். எழுதாம வுட்டா அறுபது ஆறாய்டும். காலி வீட்டப் பாத்தியா, இல்லியா?’

பார்த்தேன் டீச்சர் என்றேன். பார்த்தும் எழுதாமல் விட்டது அது முதல் தடவை.

குறைப் பொட்டி ஆட்டம் நினைவிருக்கிறதா? மதியக் களி தின்றபின் டீச்சர் ஐம்பது அறுபது தீப்பெட்டியைப் பரப்புவார். எல்லாப் பெட்டியிலும் பத்துப் பத்துக் கொட்டை. ஒன்றில் மட்டும் ஒன்பது. எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டிப் பார்ப்போம், காதில் வைத்துக் கேட்போம், கையில் தூக்கி எடை பார்ப்போம். எதுவும் பயன்படாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்பதும் பத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். திறந்து கொட்டி எண்ண வேண்டும். அதற்காகத்தான் அந்த ஆட்டமே. ‘பொட்டின்னா பத்துன்னு நம்பாத. தொறந்து பாத்தப்புறம் பத்துன்னு சொல்லு.’ இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! எங்களுக்குச் சொன்ன அதை அவர் பெரிய சாருக்கும் சொன்னார். கேட்டவர்கள் நாங்கள் மட்டும்தான்.

குட்டைப் பெண் ஒருமுறை முதல் பெட்டியிலேயே குறையைப் பிடித்துவிட்டாள். பரிசாக ஒரு தீப்பெட்டியைப் பத்துக் கொட்டையோடு டீச்சர் அவளுக்கே கொடுத்தார். மஞ்சள் பெட்டி, மேலே சிவப்புச் சேவல். அன்றிலிருந்து அது அவள் பாவாடை மடிப்பில் இருந்தது. நடந்தால் சலசலவென்று சத்தம் கேட்கும். விடுதியில் அவள் எங்கே இருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பிறகு எங்களையே கொட்டையாக்கினார் டீச்சர். நாம் அறுபது பேர். பத்துப் பேர் கை கோத்தால் ஒரு வரிசை, அதுதான் ஒரு பெட்டி. பதினாலை நாலால் பெருக்கு என்பார். நாலு வரிசை ஓடிப்போய்ப் பொட்டி வீட்டில் நிற்கும். பதினாறு பேர் ஒத்தை வீட்டில் முண்டியடிப்பார்கள். அதில் பத்துப் பேர் கை கோத்துப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவார்கள். ஐந்து வரிசை, ஆறு ஒத்தை. ஐம்பத்தாறு. மிச்சம் நாலு பேர் மரத்தடியில் உட்கார்ந்து நாட்டாமை செய்வார்கள்.

இங்கேதான் வம்பு வந்தது. நம் மலையில் ஆடு மாட்டை எண்ணுவார்கள், மூட்டையை எண்ணுவார்கள். பெற்ற பிள்ளையை எண்ண மாட்டார்கள். எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்று பயம். பிள்ளைகளை நிற்க வைத்து ஒண்ணு ரெண்டு என்று எண்ணுகிறார்கள் என்ற பேச்சு ஊருக்குப் போனது. ஒரு நாள் காலையில் ஏழெட்டு அம்மாமார்கள் களைக்கொத்தோடு வந்து முற்றத்தில் நின்றார்கள்.

‘எங்க புள்ளைங்கள இன்னாத்துக்கு எண்றீங்க?’

டீச்சர் சண்டை போடவில்லை. ‘அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. எப்பிடி எண்ணுனா தப்பில்ல?’ என்று கேட்டார்.

களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் குட்டைப் பெண்ணின் அம்மா சொன்னாள்: ‘களத்துல சாமை அளக்கறப்ப மொத வள்ளத்த ஒண்ணுன்னு சொல்றமா? லாபம்னுதானே சொல்றோம். அப்பிடி ஆரம்பிச்சா ஒண்ணும் ஆவாது.’

எல்லாருக்கும் சரி என்று பட்டது. டீச்சருக்கும். அன்று முதல் ஒவ்வொரு வரிசையிலும் முதல் பிள்ளை ‘லாபம்’ என்றது. அடுத்தது ‘ரெண்டு’. அப்படியே பத்து வரை. உயர வரிசைப்படி நின்றதால் முதல் வரிசைக்கு முதல் ஆள் குட்டைப் பெண். இரண்டாவது நான். ஒரு வாரத்தில் அவளுக்குப் பெயரே லாபம் ஆகிவிட்டது. எனக்கு ரெண்டு. அவள் அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். ‘நல்ல பேருதானே. என் பொண்ணு லாபம்தான்.’

பெரிய சார் இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்ப்பார். ‘இன்னா டீச்சர், புள்ளைங்களுக்குத் தாயம் ஆடக் கத்துக் குடுக்குறீங்களா?’ என்பார். ஆனால் வரிசை மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. அதற்கு முன் காலையில் பெயர் கூப்பிட அரை மணி ஆகும். இப்போது ஒவ்வொரு வரிசையும் லாபத்தில் ஆரம்பித்துப் பத்தில் முடிக்கும். அவர் பத்து என்ற சத்தத்தை மட்டும் கேட்டு விரலை மடக்குவார். ஆறு விரல். முடிந்தது.

டீச்சர் ஒரு நாள் எங்கள் எதிரிலேயே சொன்னார். ‘சார், கடைசிக் குரல மட்டும் கேட்டா போதாதுங்க. அவங்கவங்க நம்பர் வாய்க்குப் பழகிப் போச்சு. தலயத் தொட்டுப் பாக்கணும்ங்க.’

‘அறுபது தலயத் தொட்டுகினு நிக்க, எனக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சியா?’

நெனச்சியா என்று ஒருமையில் கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம்.

புரட்டாசியில் சாமை அறுத்தார்கள். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை எங்களை அமிர்திக்கு மான் பார்க்கக் கூட்டிப்போவதாகப் பெரிய சார் சொன்னார். காட்டு வழியாக இறங்கி, மத்தியானம் ஏறி வந்துவிடலாம் என்றார். திங்கட்கிழமை ஆய்வுக்கு வருகிறார்கள் என்று டீச்சரை சார்ட் எழுத நிறுத்திவிட்டார்.

அன்று காலையில் காற்றே இல்லை. பலா மரத்தில் ஒரு இலை ஆடவில்லை. வானம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து தொங்கியது. சமையல்கார அக்கா கரண்டியோடு வெளியே வந்து மேலே பார்த்தாள்.

‘மேற்கால மூடிகினு கீது சார். கானாறு எறங்குச்சின்னா புள்ளைங்கள தாண்ட வுடாது.’

‘உனக்கு வேற வேலையே இல்லியா? போய் களியக் கிண்டு.’

கிளம்பும் முன் டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டார். ஐந்தாறு நிமிஷம் ஆனது. பெரிய சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபது என்று டீச்சர் சொன்னார். அறுபது தலையையும் ஒரு கை தொட்டது அதுதான் கடைசி.

அமிர்தியில் கம்பி வேலிக்குப் பின்னால் மான்கள் நின்றன. வெல்லம் போன்ற நிறம், உடம்பெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. லாபம் வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு, ‘மானு பதிமூணு. காலு அம்பத்திரண்டு’ என்றாள். அங்கே நின்ற வனக்காவலர் ஆச்சரியப்பட்டார். ‘எப்பிடிம்மா இவ்ளோ சீக்கிரம்?’

‘நாலு பொட்டி, பன்னெண்டு ஒத்தை. ஒத்தையில பத்து குடி போய்டுச்சி.’

காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் லாபத்தின் தலையில் கை வைத்தார். ‘எல்லாம் நம்ம டிரெய்னிங்குதான்’ என்றார். அவர் அவள் தலையைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி ஏறும்போது மழை பிடித்தது. முதலில் பெரிய பெரிய துளியாக விழுந்து மண் வாசனையைக் கிளப்பியது. பிறகு வாசனையையும் அடித்துக்கொண்டு போனது. பாதி வழியில் குகை போன்ற ஒரு பாறைக்கு அடியில் ஒடுங்கி நின்றோம். விட்டதும் நடந்தோம். கானாறு கண்ணில் படும் இடத்தில் லாபம் நின்றுவிட்டாள். பாவாடை மடிப்பைத் தடவினாள். சத்தம் வரவில்லை.

‘பாறையாண்ட வுட்டுட்டேன்டி.’

‘போனா போவுது வா.’

‘பத்து கொட்டை கீதுடி அதுல. டீச்சர் குடுத்தது. ஓடிப் போய்ட்டு வந்துடறேன்.’

‘சார்கிட்ட கேளு.’

‘கேட்டா முட்டி போட வெப்பாரு. நீ சொல்லாத. நீங்க தாண்டறதுக்குள்ள வந்துடுவேன்.’

ஓடினாள். மழைக்குள் நாலு அடியில் மறைந்துவிட்டாள்.

கானாறு முழங்கால் அளவு ஓடியது. செம்மண் நிறம். சருகும் சுள்ளியும் சுழன்று வந்தன. வரிசை வரிசையாகக் கை கோத்துத் தாண்டினோம். காலுக்கடியில் கல் நகர்வது தெரிந்தது. நாங்கள் தாண்டும்போதே தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைக்கு ஏறிவிட்டது. மேலே எங்கேயோ உறுமல் போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கரையில் பெரிய சார் ஒரு மரத்தடியில் குடைக்குள் நின்றார். ‘வரிசையில நில்லுங்க. சொல்லுங்க, மொத வரிசை!’

நான் திரும்பிக் கானாற்றைப் பார்த்தேன். எதிர்க்கரையில் யாரும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் நின்றேன். அந்த இடத்தில் மழை விழுந்தது. அவள் வந்து நிற்பாள் என்று காத்திருந்தேன்.

‘இன்னா, வாயில கொழுக்கட்டையா? சொல்லுங்க!’

நான் ‘ரெண்டு’ என்றேன்.

பொய் சொல்லவில்லை. நான் ரெண்டுதான். எனக்குப் பின்னால் நின்றவன் மூணு என்றான். அவனும் பொய் சொல்லவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று வரிசை ஓடியது. ‘பத்து!’ என்று கடைசிப் பையன் கத்தினான். பெரிய சார் ஒரு விரலை மடக்கினார். அடுத்த வரிசை. அடுத்த விரல். ஆறு வரிசையும் முடிந்தது.

‘ஆறு பத்து அறுபது. நடங்க.’

நாங்கள் நடந்தோம்.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் டீச்சர் துண்டோடு நின்றார். இன்னும் வெளிச்சம் இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே தொட ஆரம்பித்தார். முதலில் என் தலை. துண்டில் சுண்ணாம்பு வாசனை அடித்தது. அவர் கை என் தலையில் நின்றுவிட்டது.

‘லாபம் எங்க?’

நான் கையை மட்டும் காட்டுக்கு நீட்டினேன்.

‘எங்க வுட்டீங்க?’

‘பாறையாண்ட. கானாறு தாண்டறதுக்கு முன்னாடி.’

‘டீச்சர், நான் எண்ணிட்டுத்தான் வந்தேன்’ என்றார் பெரிய சார். ‘அறுபது சரியா இருந்துச்சி.’

டீச்சர் அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஓடினார். குடை எடுக்கவில்லை. ஒரு செருப்பு படியிலேயே கழன்று கிடந்தது. சமையல்கார அக்கா பின்னால் ஓடினாள். அவள் வந்துதான் பிறகு சொன்னாள். கானாறு ஆள் மட்டத்துக்கு மேல் ஓடியதாம். டீச்சர் கரையில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டாராம். பிறகு லாபம், லாபம் என்று கூப்பிட்டாராம். இறங்கப் போனவரை அக்காதான் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் அவள் அப்பா கண்டெடுத்தார். இரண்டு வளைவு கீழே. அதற்கு மேல் எழுத மாட்டேன். மஞ்சள் பெட்டி கிடைக்கவில்லை. நான் பல வருஷம் தேடியிருக்கிறேன். அந்தப் பாறை அடியில் இல்லை. ஆக, அவள் அதை எடுத்துக்கொண்டுதான் திரும்பியிருக்கிறாள். எங்களைக் காணாமல் தனியாக இறங்கியிருக்கிறாள்.

ஊர் கூடியது. என் அப்பா எழுந்து சொன்னார்: ‘எண்ணக் கூடாதுன்னு சொன்னோம். கேட்டாங்களா? எண்ணுனாங்க, ஒண்ணு கொறஞ்சிபோச்சி.’ எல்லாரும் தலையாட்டினார்கள். என் அப்பா நல்ல மனிதர். அன்றைக்கு அவர் சொன்னது அநியாயம். எண்ணியதால் அவள் போகவில்லை. எண்ணாமல் விட்டதால் போனாள். இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வயதில் வாய் வரவில்லை. வாய் வந்தபோது அப்பா இல்லை.

ஜீப்பில் அதிகாரி வந்தார். எங்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார். ‘லாபம், ரெண்டுன்னு எண்ணச் சொல்லிக் கொடுத்தது யாரு?’ டீச்சர் என்றோம். ‘விளையாட்டா?’ ஆமாம் என்றோம். எல்லாம் உண்மை. பெரிய சார் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சரின் விளையாட்டால் எண்ணிக்கை குழம்பிவிட்டது, ஒன்று என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறு வார்த்தையைப் பழக்கிவிட்டார், நான் எண்ணும்போது ஏமாந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். கானாற்றங்கரையில் எப்படி எண்ணினார் என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. தலையைத் தொட்டாரா என்று கேட்கவில்லை. முதல் இடம் காலியாக இருந்ததை யார் பார்த்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? தெரியாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

டீச்சர் தகரப் பெட்டியோடு இறங்கிப் போனார். வேலை போனது என்று கேள்வி. எதிரில் வந்த லாபத்தின் அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். டீச்சர் முகத்தைத் துடைக்காமல் போனார்.

அன்று மாலை பெரிய சார் தீப்பெட்டிகள் எல்லாவற்றையும் சமையல் அடுப்பில் போடச் சொன்னார். பெட்டிகள் எரிந்தன. கொட்டைகள் படபடவென்று வெடித்தன. வறுத்த புளியங்கொட்டை வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. எங்களுக்குப் பசித்தது. அடுப்பிலிருந்து பொறுக்கித் தின்றோம். நீங்களும்தான் தின்றீர்கள். அடுத்த நாளிலிருந்து மறுபடி ஏழெட்டு அம்பத்தாறு என்று கத்தினோம்.

மண்டியில் நான் ஒவ்வொரு மூட்டையையும் கை வைத்துத்தான் எண்ணுவேன். ‘அடுக்குக்குப் பத்து மூட்டைம்மா, அடுக்க எண்ணிட்டுப் போவியா’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அழைப்பிதழைப் பார்த்ததும் அதை அனுப்பியவனுக்குப் போன் செய்தேன். யார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பின்னால் நின்று மூணு என்று சொன்னவன்.

‘இன்னா ரெண்டு, நல்லா கீறியா?’ என்றான்.

‘புளியங்கொட்ட யாருது?’

‘வுடு. அவருக்கு எண்பத்தி நாலு வயசு. சாவற காலத்துல ஒரு சால்வை போட்டுட்டுப் போவோம்.’

‘உனக்கு முன்னால எத்தினி பேர் நின்னோம்?’

‘ஏய், அப்ப நாம சின்னப் புள்ளைங்க.’

‘எத்தினி பேரு?’

‘ஒருத்தி’ என்றான். பிறகு, ‘நான் இன்னா பண்ணட்டும் சொல்லு’ என்றான். அழுதானா, சளியா, தெரியவில்லை.

என்ன பண்ண வேண்டும் என்று சொல்கிறேன். லாபத்தின் அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. போன தை மாசம் போய்ப் பார்த்தேன். ‘லாபம்னு எண்ணச் சொன்னது நான்தானே. என் வாயாலதானே போச்சி’ என்றாள். டீச்சரைத் திட்டித் திட்டி அலுத்து, இப்போது தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ சின்னப் புள்ள, உனக்கு இன்னா தெரியும் என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். எண்ணினேன் என்று எழுதிக் கொடுத்தவர் சொல்ல வேண்டும்.

விழா நடக்கட்டும். அவளை நான் கூட்டிவருகிறேன். முன் வரிசையில் உட்கார வையுங்கள். நாமெல்லாம் வந்திருப்போம். அதிகாரிகள் வருவார்கள், இப்போது படிக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். இனி எழுதுவதைப் பெரிய சாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பெரிய சார், உங்களுக்கு மைக் கொடுப்பார்கள். சால்வையைக் கையில் வாங்கும் முன் எனக்குப் பதில் சொல்லுங்கள். என்னைப் பார்க்க வேண்டாம், முன் வரிசையில் இருக்கிற அவளைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை கானாற்றங்கரையில், குடையை விட்டு வெளியே வந்து, எங்கள் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினீர்களா, இல்லையா?